டெல்டா ஆய்வகத்துக்கு சீசியம் அயோடைடு படிகம் சரிவருமா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கக் கல்லூரிகளில் விண்கலக் கருவிகளைப் பாடம் நடத்த, தாலியம் கலந்த சீசியம் அயோடைடு சிண்டிலேட்டர் (கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் படிகம்) நல்ல தேர்வு. 2015-ல் ஏவப்பட்ட இந்திய விண்வெளி ஆய்வகமான அஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ என்ற எக்ஸ்-கதிர் கருவியில், தேவையற்ற பின்னணிக் கதிர்வீச்சைக் கழிக்க இருப்பதும் இதே வகைதான்.

ஐப்பசி அடைமழைதான் இங்கே முதல் எதிரி. இன்னொரு சிண்டிலேட்டர் படிகமான சோடியம் அயோடைடின் உறை லேசாகக் கசிந்தாலும் ஈரம் இழுத்து மஞ்சளாகிவிடும். சீசியம் அயோடைடு அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் வெறுங்கையால் தொடாமல், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். சீசியம் அயோடைடு வெளிவிடும் ஒளியின் உச்சம் சுமார் 550 நானோமீட்டர் அலைநீளம். சிலிக்கான் ஒளியுணரிக்கு அது கச்சிதம், பழைய ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது.

பெரிய குறை பின்னொளிர்வு, அதாவது தூண்டல் நின்ற பிறகும் படிகம் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருப்பது. வெளிச்சம் பட்ட படிகத்தை ஓரிரவு இருட்டில் வைத்த பிறகே அளக்க வேண்டும். சுற்றுப்பாதையில் தொல்லை இரட்டிப்பு: கதிர்வீச்சு மிகுந்த தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே கடக்கையில் புரோட்டான்கள் படிகத்தையே கதிரியக்கமாக்கிவிடும், நாளடைவில் நிறமையங்கள் (ஒளியை உறிஞ்சும் படிகக் குறைபாடுகள்) உருவாகி ஒளியை உள்ளேயே விழுங்கும்.

சோதனைக்கு வைக்கும் சீசியம்-137 கதிரியக்க மூலத்தின் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உச்சி, ஆற்றல் வரைபடத்தில் இடப்பக்கம் நகர்ந்தால், உடனே கதிர்ச்சேதம் என்று முடிவுகட்டாதீர்கள். சித்திரை வெயிலில் ஒளியுணரியின் பெருக்கம் குறையும். படிகத்தையும் ஒளியுணரியையும் இணைக்கும் ஒளியியல் கிரீஸில் காற்றுக்குமிழி இருந்தாலும் இதே கதைதான். அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, கிரீஸைத் துடைத்து மீண்டும் பூசிப் பாருங்கள்.