புரட்டாசி முதல் கார்த்திகை வரை: ஒரு சிறிய வரலாற்று அருங்காட்சியகத்தின் மழைக்கால நிகழ்ச்சிகள், என் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து பழைய ஓட்டு வீடு ஒன்றில் நடத்திவரும் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து போய்வருகிறேன். வீடு சிறியது, கூட்டம் சற்றுக் கூடினாலும் திண்ணையில்தான் நிற்க வேண்டிவரும். அதனால் பெயரையும் முகவரியையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை மதித்து, ஆண்டுதோறும் புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை வரை அங்கு நடக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மற்ற மாதங்களில் அது அமைதியான காட்சிக்கூடம். நாழி, மரக்கால், ஓலைச்சுவடி, பித்தளை விளக்குகள், திருவிதாங்கூர் நாணயங்கள், பனைத்தொழில் கருவிகள், பழைய புகைப்படங்கள் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இந்த மூன்று மாதங்களில் வருபவர்களோ பார்ப்பதோடு நிற்பதில்லை. அந்தப் பொருள்களைப் பற்றித் தாங்கள் அறிந்ததைப் பேசுகிறார்கள், நடத்துபவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். மற்ற மாதங்களில் மட்டும் போனவர்கள் இந்த அருங்காட்சியகத்தை இன்னும் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

பருவம் தொடங்குவது நவராத்திரி ஊர்வலத்தோடு. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மனும், வேளிமலையிலிருந்து குமாரசாமியும் பத்மநாபபுரத்துக்கு எழுந்தருள, அங்குள்ள திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய அரண்மனையை ஒட்டிய தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மனோடு சேர்ந்து மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும் சடங்கு முடிந்த பிறகே ஊர்வலம் நகரும். தமிழ்நாட்டுக் காவல்துறையும் கேரளக் காவல்துறையும் மரியாதை செலுத்த, முதல் நாள் இரவு குழித்துறையிலும் மறுநாள் நெய்யாற்றின்கரையிலும் தங்கிச் செல்வது மரபு. அருங்காட்சியகம் இதற்கெனத் தனி விழா எதுவும் எடுப்பதில்லை. முந்தைய நாள் மாலையில் ஊர்வலத்தின் வரலாற்றை எளிமையாக விளக்கிவிட்டு, மறுநாள் காலையில் விருப்பமுள்ளவர்களை அழைத்துச் சென்று, எங்கே நின்றால் எது தெரியும் என்று காட்டுகிறார்கள். திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இந்த மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. இரு மாநில அரசுகளும் ஒரே முற்றத்தில் கூடிச் செய்யும் இந்த ஏற்பாட்டின் காரணத்தை, விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லக் கேட்பது நல்ல அனுபவம். சிறு வயதிலிருந்து அந்த ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே பல செய்திகள் அங்குதான் தெரியவந்தன.

காலாண்டுத் தேர்வு விடுமுறையையும் அதைத் தொடர்ந்து வரும் சனிக்கிழமைகளையும் சிறுவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் நான் மிகவும் உயர்வாக மதிப்பது நாணய வகுப்பு. திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். இதைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு என்று கேட்பார்கள். இருபத்தெட்டு சக்கரம் என்பது வரைக்கும் குழந்தைகள் விரைவாக வந்துவிடுவார்கள். அதைப் பதினாறால் பெருக்கி 448 என்று முதலில் சொல்லும் குழந்தையிடம் சக்கரப் பலகையைக் கொடுப்பார்கள். வரிசை வரிசையாகச் சிறு குழிகள் வெட்டிய மரப்பலகை அது. பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அதை ஒவ்வொன்றாக எண்ணுவது கருவூலத்துக்கு ஆகிற வேலையில்லை. பலகையின் மேல் நாணயங்களைக் கொட்டி இலேசாக ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழுந்து நிற்கும், மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. உண்மையான நாணயங்களைக் கொடுக்காமல், அதே அளவில் வெட்டிய தகர வில்லைகளைக் கொடுக்கிறார்கள். குழிகள் நிரம்பும் ஒலியைக் கேட்டதும் குழந்தைகள் திரும்பத் திரும்ப ஆட்டுகிறார்கள். எதற்காக இப்படி ஒரு கருவி தேவைப்பட்டது என்பதை அவர்களுக்கு யாரும் தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை.

பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளில் முதலிடம் பழைய ஆவணங்களை வாசிக்கும் நாளுக்குத்தான். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பல வீடுகளில் பரணிலோ தகரப் பெட்டியிலோ மலையாள எழுத்தில் எழுதிய நில ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தங்குதடையின்றி வாசித்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. 1956க்குப் பிறகு தமிழ் மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் அவை வாசிக்க முடியாத தாள்களாகவே இருக்கின்றன. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையாளம் நன்கு வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள். ஆவணம் கொண்டுவந்தவர்கள் எதிரில் அமர்ந்து, அவர்கள் வாசிக்க வாசிக்கத் தமிழில் எழுதிக்கொள்வார்கள். தேதிகள் கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையான தேதியானால் 824ஐயும், அதன் பிறகு ஆடி முடியும் வரையான தேதியானால் 825ஐயும் கூட்ட வேண்டும் என்று எழுதிய அட்டை மேசையில் இருக்கும். கொல்லம் 1098 மீன மாதம் (பங்குனி) என்றிருந்தால் அது 1923, அதே 1098 சிங்க மாதம் (ஆவணி) என்றிருந்தால் 1922. ஆண்டு தொடங்குவது ஆவணியில் என்பதைக் கவனிக்காமல் ஒரே எண்ணைக் கூட்டுபவர்கள் அதிகம் என்பதால் இந்த அட்டை பெரிய உதவி.

ஒரு முறை என் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், நான்காக மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஆவணத்தைக் கொண்டுவந்திருந்தார். வாசித்தவர் நான்கெல்லையைச் சொல்லிக்கொண்டே வந்து, மேற்கெல்லையாக ஓர் அயனி மரத்தைக் குறிப்பிட்டதும், அந்த அம்மா நிமிர்ந்து, "அந்த அயனி நான் வாக்கப்பட்டு வந்தப்பவும் நின்னுது மக்களே, அதுக்க மூட்டுலதான் எங்களுக்குக் களம்" என்றார். மேசையின் ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் உடனே ஆவணத்தின் நகலுக்குப் பின்னால் அதையும் எழுதிச் சேர்த்தார். நிலம் யாருக்கு உரியது என்பதை ஆவணம் சொல்லும். அந்த நிலத்தில் மரத்தடியில் நெல் அடித்தார்கள் என்பது இப்படி யாராவது வாய்திறந்தால்தான் கிடைக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இங்கே சட்ட ஆலோசனை கொடுப்பதில்லை, எல்லைத் தகராறுக்குத் தீர்வும் சொல்வதில்லை. அதை எதிர்பார்த்து வருபவர்களிடம் தொடக்கத்திலேயே பணிவாக அதைத் தெரிவித்துவிடுகிறார்கள்.

பனைத்தொழில் கருவிகள் நெடுங்காலம் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே 'பனையேறும் கருவிகள்' என்று ஒரே சீட்டு. ஒரு மழைக்கால நிகழ்ச்சிக்கு வந்திருந்த முதிய பனையேறி ஒருவர் அவற்றைக் கீழே எடுக்கச் சொல்லி, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்துக் கால் வைக்கும் முறையையும், பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதமாக நெரிக்கும் முறையையும், அருவாப்பெட்டியில் எது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் செய்து காட்டினார். "பாட்டா, பாளையை எதுக்கு நசுக்கணும்?" என்று கேட்ட சிறுமிக்கு, நசுக்கினால்தான் அக்கானி (பதநீர்) ஊறும், அதிகம் நசுக்கினால் பாளை கெட்டுப்போகும், அந்த அளவு கைக்குத்தான் தெரியும் என்று பொறுமையாகச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சீட்டு வந்தது. எந்த ஊரில் இருந்தது, யார் கையில் இருந்தது, எப்படிப் பயன்பட்டது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் இங்கே நடந்த மாற்றங்களில் இதையே நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன்.

நவம்பர் 1 அன்று நினைவுப் பகிர்வு நடக்கும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956இல் அந்த நாளில் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்த இணைப்புப் போராட்டத்துக்கு மார்ஷல் நேசமணி தந்த தலைமையையும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களையும் பேசாமல் இந்த நாள் கடப்பதில்லை. அப்போது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். மலையாளம் தாய்மொழியான குடும்பங்களிலிருந்தும் சிலர் வருகிறார்கள். தாங்கள் கண்டதையும் தங்கள் வீட்டில் கேட்டதையும் மட்டும் பேச வேண்டும், கேட்டது என்றால் யாரிடம் கேட்டது என்று சொல்ல வேண்டும் என்ற ஒரே விதியை ஒருங்கிணைப்பவர்கள் உறுதியாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதனால் பேச்சு சூடேறினாலும் தடம் மாறுவதில்லை. எந்த மேடையிலும் கேட்க முடியாத செய்திகள் அங்கே கிடைக்கின்றன.

உலகப் பாரம்பரிய வாரமான நவம்பர் 19 முதல் 25 வரை நடைப்பயணங்கள் இருக்கும். சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக்குப் போவதுண்டு, பார்த்திவபுரம் கோயிலுக்கும் போவதுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே நிறுவிய சாலையில் (கல்விக்கூடத்தில்) 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்ற செப்பேட்டுச் செய்தியை அந்தக் கோயில் வாசலில் நின்று கேட்பது தனி நிறைவு. உதயகிரிக் கோட்டை நடை பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவித்த டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது; லத்தீனிலும் தமிழிலும் பொறித்த கல்வெட்டை மாணவர்களே எழுத்தெழுத்தாகப் படிக்க முயல்வார்கள். வழிகாட்டி குறுக்கிடாமல் காத்திருப்பார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது மழை ஏற்பாடு. இந்த மாவட்டத்தில் ஐப்பசியில் மழை வரும் என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. அப்படியிருந்தும் பின்முற்றத்தில் தார்ப்பாய் கட்டி நிகழ்ச்சி வைத்து, மழை வலுத்த பிறகு ஒத்திவைப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வருவது தொடர்கிறது. மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பேருந்தில் வரும் முதியவர்களுக்கு இது பெரும் சிரமம். மழை நாளுக்கு மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வீட்டின் வாசற்படி உயரம், கைப்பிடி இல்லை. மூத்தவர்களை நம்பி நடக்கும் ஓர் இடத்தில் இதை எப்போதோ சரிசெய்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. நினைவுப் பகிர்வுகளையெல்லாம் தன்னார்வலர்கள் தங்கள் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். ஆனால் அவை ஒரே இடத்தில் சேர்க்கப்படுவதில்லை; யார் பேசியது, என்றைக்கு, எதைப் பற்றி என்ற பட்டியலும் இல்லை. பேசியவர்களில் சிலர் இப்போது உயிருடன் இல்லை. கைப்பேசி பழுதானால் அவர்களுடைய குரலும் போய்விடும். காட்சிப் பொருள்களுக்குச் சீட்டு எழுதுவதில் காட்டும் அக்கறையை ஒலிப்பதிவுகளிலும் காட்ட வேண்டும் என்று நடத்துபவர்களிடம் பலமுறை எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு கணினியும் தனி வட்டும் வாங்கியிருக்கிறார்கள். பழைய பதிவுகளைச் சேகரிக்கும் வேலை மெதுவாக நடக்கிறது.

மூன்றாவது, கடற்கரை இங்கே போதிய அளவுக்கு இல்லை. நெல்லும் பனையும் அரண்மனையும் இருக்கின்றன. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை வாழும் மீனவ மக்களுக்கென்று ஒரு சிறிய மூலையும் சில புகைப்படங்களுமே இருக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் அத்தனை பேரை இழந்த மாவட்டத்தின் வரலாற்று அருங்காட்சியகம், அதே கார்த்திகைப் பருவத்தில் அதைப் பற்றி ஒரு மாலைப் பொழுதாவது ஒதுக்காமல் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. நடத்துபவர்கள் கடற்கரை மக்களைத் தாங்கள் இருக்கும் இடத்துக்கு வரச் சொல்வதை விட்டு, அவர்கள் ஊருக்குப் போய்க் கேட்க வேண்டும். இதற்காக வட்டார இளைஞர்கள் இருவர் முன்வந்திருப்பதாக அண்மையில் தெரிவித்தார்கள்.

புதிதாகப் போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். அனுமதி இலவசம், வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கிறது. குழந்தைகளோடு போவதானால் நாணய வகுப்பு நடக்கும் சனிக்கிழமையையும், பெற்றோரோடு போவதானால் ஆவண நாளையும் தேர்ந்தெடுங்கள். பழைய ஆவணத்தைக் கொண்டுபோகும்போது மடிப்பைப் பிரிக்க முயலாமல், அப்படியே அகலமான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், அது காலப்போக்கில் தாளைக் கெடுத்துவிடும். நகல் மட்டும் அவர்களிடம் கொடுத்தால் போதும், மூலத்தை யாரும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் வயதான பாட்டியோ பாட்டாவோ இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் அவர்களுக்கு முன்வரிசையில் சாய்வு நாற்காலி போட்டு வைப்பார்கள். படியேறக் கைகொடுக்க ஆள் நிற்பார்.