புளோரஸ் தீவா, சும்பா தீவா: காரில் உங்களோடு யார் வர வேண்டும்?

இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில், ஒரு நீரிணைக்கு வடக்கே புளோரஸ் தீவும் தெற்கே சும்பா தீவும் இருக்கின்றன. பாலியின் தென்பசாரிலிருந்து இரண்டுக்கும் விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இரண்டிலும் ஒரே மாதிரியான பயணத்தைத்தான் விற்கிறார்கள்: கார், ஓட்டுநர், வழிகாட்டி, நான்கிலிருந்து ஏழு நாள், ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் சாலைப் பயணம். விடுமுறையும் பணமும் ஒரு தீவுக்குத்தான் இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

எது அழகு என்று கேட்டால் விடை கிடைக்காது. கடற்கரையும் அருவியும் மலையும் இரண்டிலும் இருக்கின்றன. நான் வேறு கேள்வி கேட்பேன். அங்கே உங்களுக்கு யாருடைய உதவி அதிகம் தேவைப்படும்? புளோரஸில் எல்லாமே ஓட்டுநரின் கையில். நல்ல ஓட்டுநர் கிடைத்துவிட்டால் தனி வழிகாட்டி இல்லாமலேயே பயணம் நிறைவாக இருக்கும். சும்பாவில் கார் ஓட்டுவது சுலபம். வழிகாட்டி சரியில்லை என்றால் பயணமே வீண். பணத்தை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சப்படுத்துவது என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானிக்கிறது.

புளோரஸ்: சாலையே பயணம்

மேற்கே லபுவான் பாஜோவிலிருந்து கிழக்கே லரந்துக்கா வரை செல்லும் டிரான்ஸ் புளோரஸ் நெடுஞ்சாலை ஏறக்குறைய 700 கி.மீ. பெரும்பாலான பயணிகள் அதற்கு முன்பே மௌமேரேயில் நிறுத்திக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு நாள் வேலையாகத் தெரியும். உண்மையில் மணிக்கு 30 கி.மீ. போனாலே நல்ல வேகம். லபுவான் பாஜோவிலிருந்து ருதெங்குக்குச் சுமார் 130 கி.மீ., நான்கு மணி நேரம். ருதெங்கிலிருந்து பஜாவாவுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம், சற்றுக் கூடுதல் நேரம். பஜாவாவிலிருந்து எண்டேவுக்கு இன்னொரு நான்கு மணி நேரம். பிறகு மோனி, பிறகு மௌமேரே. எரிமலைகளின் மடிப்புகளுக்குள் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலை இது. நேரான ஒரு கிலோமீட்டர் கிடைப்பதே அரிது.

அதனால்தான் ஓட்டுநர் முக்கியம் என்கிறேன். ருதெங் பக்கம் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை மங்காராய் மலைப்பகுதியில் மண் சரிவது வழக்கம். எந்த இடத்தில் காத்திருப்பது, எங்கே திரும்பிவிடுவது என்பது அந்தச் சாலையிலேயே வருடக்கணக்கில் ஓட்டியவருக்குத்தான் தெரியும். இங்குள்ள ஓட்டுநர்களில் பலர் வழிகாட்டிகளும்கூட. ஓரளவு ஆங்கிலம் பேசுவார்கள். சாலையோரம் காயவைத்திருக்கும் கிராம்பையும் காப்பிக்கொட்டையையும் பார்த்து வண்டியை நிறுத்தி, அந்த வீட்டாரோடு பேச வைப்பார்கள். தனி வழிகாட்டிக்கென்று கேட்கும் தொகையை இங்கே கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடிக்காத திட்டம் ஒன்று உண்டு: லபுவான் பாஜோவிலிருந்து மௌமேரே வரை நான்கு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வது. முடிக்கலாம்தான். ஆனால் பகல் முழுவதும் காரிலும் இரவு விடுதியிலுமாகக் கழிந்துபோகும். ஆறு நாள் குறைந்தபட்சம். வாயே ரெபோ மலைக்கிராமமும் சேர்ந்தால் ஏழு.

வாயே ரெபோவைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கட்சி. ருதெங்குக்குத் தெற்கே, ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், கார் போகாத மலைக்கிண்ணம் ஒன்றில் ஏழு கூம்பு வீடுகள். கூரை தரையைத் தொடும். உள்ளே ஐந்து அடுக்குகள். சிதைந்து கொண்டிருந்த வீடுகளை ஊர்க்காரர்களும் இந்தோனேசியக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். அந்த வேலைக்கு 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் உயரிய விருது கிடைத்தது. அடிவார ஊரான தெங்கே பக்கமிருந்து இரண்டு மூன்று மணி நேரம் மேலேறி நடக்க வேண்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் உள்ளூர் வழிகாட்டி வேண்டும். அவரைத் தெங்கேயிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஊருக்குள் போனதும் முதலில் பெரிய வீட்டில் மூத்தவர் முன் உட்கார்ந்து வரவேற்புச் சடங்கை ஏற்க வேண்டும். அது முடியும்வரை கேமராவைத் தொடக்கூடாது. அன்றிரவு அங்கேயே பாயில் படுத்துத் தூங்கலாம். மூட்டுவலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு, சஞ்சார் ஊருக்கு மேலேயுள்ள குன்றிலிருந்து சிலந்தி வலை போலப் பிரிக்கப்பட்ட நெல்வயல்களைப் பார்த்தால் போதும். நடுப்புள்ளியிலிருந்து ஆரம் ஆரமாக நிலத்தைக் குடும்பங்களுக்குப் பங்கிடும் மங்காராய் மக்களின் முறை அது.

ருதெங்குக்கு அருகில்தான் லியாங் புவா குகை. 2003-இல் இங்கே கண்டெடுத்த எலும்புக்கூடு, ஒரு மீட்டரை ஒட்டிய உயரமே கொண்ட ஹோமோ புளோரெசியென்சிஸ் என்ற தனி மனித இனமாக மறு ஆண்டு அறிவிக்கப்பட்டது. குகையில் மூல எலும்புகள் இல்லை. இருந்தாலும் அந்தச் சுண்ணாம்புக் கூரையின் கீழ் நிற்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ருதெங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி சுத்தமானது, ஆனால் இரவில் கதவைச் சீக்கிரமே சாத்திவிடுவார்கள்.

பஜாவாவுக்குப் பக்கத்தில், 2,245 மீட்டர் உயர இனேரி எரிமலையின் அடிவாரத்தில் பெனா கிராமம். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே முற்றத்தில் ஆண் மூதாதையருக்குக் குடை வடிவ ஙாதுவும், பெண் மூதாதையருக்குக் குட்டி வீடு போன்ற பாகாவும் நிற்கும். பயணிகளுக்குப் பழகிய ஊர்; கட்டணம் செலுத்தி, வருகையேட்டில் கையெழுத்திட்டு உள்ளே போகலாம். எண்டேயில், 1934 முதல் 1938 வரை, பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் அதிபரான சுகர்ணோவை டச்சுக்காரர்கள் நாடுகடத்தி வைத்திருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

கெலிமுத்துதான் இந்தச் சாலையின் உச்சம். 1,639 மீட்டர் உயர எரிமலையில் மூன்று ஏரிகள், மூன்றும் வெவ்வேறு நிறம். அடியிலிருந்து வரும் வாயுக்களுக்கும் தாதுக்களுக்கும் ஏற்ப நிறம் மாறிக்கொண்டே இருக்கும். எந்த மாதம் எந்த நிறம் என்று யாரும் உறுதி தர முடியாது. முதியவர்களின் ஆன்மாவுக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று, தீமை செய்தவர்களுக்கு ஒன்று என்பது லியோ மக்களின் நம்பிக்கை. அடிவார ஊரான மோனியில் அதிகாலை நான்கு மணிக்கே எழுப்பி அழைத்துப் போவார்கள். சூரிய உதயம் அழகுதான். ஆனால் ஏரிகளின் நிறம் தெரிய வெயில் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். உதயம் முடிந்ததும் கூட்டம் கலையும். அப்போது இறங்கிவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மேகம் ஏறுவதற்கு முந்தைய அந்த இடைவெளிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். மௌமேரேயில் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். ஓட்டுநர் காலி வண்டியோடு லபுவான் பாஜோவுக்குத் திரும்ப வேண்டும். அந்த இரண்டு நாள் கூலியும் பெட்ரோலும் தொகைக்குள் அடங்குகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அவருடைய சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் பற்றியும் கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில், அந்தச் செலவை ஓட்டுநர் தலையில் கட்டி, அவரைத் தூக்கமில்லாமல் ஓட்ட வைக்கும் ஆபத்து இருக்கிறது.

சும்பா: சாலை சுலபம், ஊர் சுலபமல்ல

சும்பாவில் எரிமலை கிடையாது. சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், புல்வெளிகள், குதிரைகள். மேற்கே தம்போலாகா, கிழக்கே வாயிங்காபு என இரண்டு விமான நிலையங்கள். நடுவிலுள்ள வாய்காபுபாக்கிலிருந்து வாயிங்காபு 140 கி.மீ.க்குள்தான், பிரதான சாலை நன்றாக இருக்கிறது. ஓட்டுநர் ஒரே நாளில் வீடு திரும்பிவிடலாம், எனவே திரும்பும் செலவு என்ற தலைவலி பெரிதாக இல்லை. வளைவுகளில் வயிறு புரட்டும் ஆட்களுக்கும் குழந்தைகளுக்கும் சும்பாதான் ஏற்றது. தெற்குக் கடற்கரைக்கும் தங்கெடு அருவிக்கும் போகும் கிளைச்சாலைகள் மட்டும் கரடுமுரடு.

ஆனால் சும்பாவைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பயனில்லை. கடற்கரைகளுக்காக மட்டும் போகிறவருக்கு வெக்குரி உப்புநீர்க் குளமும், வலகிரியில் தண்ணீருக்குள் நிற்கும் அலையாத்தி மரங்களும் இரண்டு நாளில் முடிந்துவிடும். அந்தத் தீவின் உயிர் கிராமங்களில் இருக்கிறது. மராப்பு என்ற மூதாதையர் வழிபாடு அங்கே இன்றும் நடைமுறை வாழ்க்கை. 2017-இல் இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம், இப்படிப்பட்ட பூர்வீக நம்பிக்கைகளை அடையாள அட்டையில் குறிப்பிட வழிவிட்டபோது, வழக்குத் தொடுத்தவர்களில் மராப்பு நம்பிக்கையாளரும் இருந்தார். உயர்ந்த கூரைகொண்ட வீட்டின் அடியில் கால்நடை, நடுவில் மனிதர், கூரை உச்சியில் மராப்பு. வாசலிலேயே முன்னோரின் பெருங்கற்கல்லறைகள். சில டன் எடையுள்ள கற்களை ஊரே கூடிக் கயிறு கட்டி இழுத்து வந்தது. சுவரில் தொங்கும் எருமைக் கொம்புகளும் பன்றித் தாடைகளும் அந்த வீடு நடத்திய சடங்குகளின் கணக்கேடு.

எந்தக் கல்லின் மேல் உட்காரலாம், எந்த வாசல் பெண்களுக்கு, எந்த நாளில் ஊருக்குள் வரவே கூடாது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வாய்காபுபாக்கிலேயே உள்ள தாருங் கிராமத்தில், வருடக் கடைசியை ஒட்டி வரும் வுலா பொத்து புனித மாதத்தில் கட்டுப்பாடுகள் அதிகம். மொழியும் மாறும்: கிழக்கே பெரும்பகுதியில் கம்பேரா; மேற்கே கோடி, வேவேவா, லம்போயா எனச் சிறு தூரத்துக்குள் பல. எனவே வழிகாட்டி சும்பாக்காரராக இருப்பது மட்டும் போதாது. மேற்குக்கு மேற்குக்காரர், கிழக்குக்குக் கிழக்குக்காரர் என்று இருவரைக் கேட்டு வாங்குவதே சரி. பாலியிலிருந்து கூடவே வரும் வழிகாட்டியை இங்கே ஏற்காதீர்கள். அவரும் உங்களைப் போலவே அங்கே வெளியூர்க்காரர்.

ஒரு ஊருக்குள் போகும்போது வெற்றிலையும் பாக்கும் கொண்டுபோவது மரியாதை. இலைக்குப் பதில் வெற்றிலைக் கொடியின் நீண்ட காய், பாக்கு, சுண்ணாம்பு. இதை வாங்கி, யார் கையில் முதலில் கொடுப்பது என்று தெரிந்த ஒருவர் கூட இருந்தால் திண்ணையில் இடம் கிடைக்கும், பேச்சு தொடங்கும். இல்லாமல் நேரே படமெடுக்கப் போனால் பணம் கேட்டுச் சூழ்ந்துகொள்வார்கள். ராத்தெங்காரோ போன்ற பெயர்பெற்ற மேற்குக் கடலோர ஊர்களில் இது அடிக்கடி கேட்கும் புகார். அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் அவர்கள் வேறெப்படி நடந்துகொள்ள முடியும்? மேற்குப் பகுதியில் இருட்டிய பிறகு காரில் சுற்ற வேண்டாம் என்று உள்ளூர் வழிகாட்டிகளே சொல்வார்கள். கேட்டு நடங்கள்.

கிழக்கே ரெண்டே, பாவ் பக்க நெசவு ஊர்களுக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். நூலை முதலில் கட்டிச் சாயமேற்றிப் பிறகு நெய்யும் இக்கத் துணி. சிவப்பு நுணா வேரிலிருந்து, நீலம் அவுரியிலிருந்து. ஒரு துணிக்கு மாதக்கணக்கில் உழைப்பு. விலை கேட்டுத் திகைப்பவர்கள், நூல் கட்டும் பெண்ணின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கட்டும்.

பசோலாவுக்காகவே சும்பா போகிறவர்கள் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் மேற்கு சும்பாவில் குதிரை வீரர்கள் இரு அணியாகப் பிரிந்து மர ஈட்டி எறியும் சடங்கு இது. நியாலே என்ற கடற்புழுக்கள் கரைக்கு வருவதையும் நிலவையும் பார்த்து ராத்தோ என்ற பூசாரிகள் நாள் குறிக்கிறார்கள். தேதியைப் பல மாதம் முன்பே உறுதியாகச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். பயணத்தில் முன்னும் பின்னும் ஓரிரு நாள் தளர்வாக வைத்துக்கொண்டு, அந்த ஊரிலேயே தொடர்பு உள்ள வழிகாட்டியைப் பிடியுங்கள். காயமும் ரத்தமும் நேரும். குழந்தைகளோடு முன்வரிசைக்குப் போக வேண்டாம்.

என் பரிந்துரை

முதல்முறை போகிறவருக்கு, தயக்கமின்றிப் புளோரஸ். பாதையே ஒரு வரிசையில் காட்சிகளைக் கோத்து வைத்திருக்கிறது. எந்த நாள் மழையில் போனாலும் அடுத்த நாள் ஈடுகட்டும். நடுத்தரமான வழிகாட்டி அமைந்தாலும் இழப்பு சிறிதுதான். சும்பாவில் அதே நடுத்தரமான வழிகாட்டி, உங்களைக் கிராம வாசலில் இறக்கிவிட்டு மரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் கூரைகளைத்தான் பார்த்துத் திரும்புவீர்கள். ஆனால் நெசவிலோ சடங்குகளிலோ பெருங்கற்கால மரபிலோ உண்மையான ஆர்வம் இருந்தால், சும்பா தருவதைப் புளோரஸ் தராது. அப்படிப்பட்டவர் ஐந்தே நாள் போனாலும் நல்ல வழிகாட்டிக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துப் போகட்டும்.

பருவத்தில் மே முதல் ஜூன் வரை இரண்டுக்கும் பொருந்தும்: மழை ஓய்ந்திருக்கும், சும்பாவின் புல்வெளியில் இன்னும் பச்சை மிச்சமிருக்கும். ஆகஸ்டுக்குள் அது காய்ந்து பழுப்பாகிவிடும். சும்பாவில் மலேரியா உண்டு; கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள். புளோரஸின் கிழக்கு முனையில் லெவோதோபி லாக்கி-லாக்கி எரிமலை 2024 நவம்பரில் வெடித்து உயிர்களைப் பறித்தது. அதன் சாம்பலால் விமானங்கள் நிற்பதும் உண்டு. மௌமேரேயிலிருந்து கிளம்பும் நாளுக்கும் அடுத்த பெரிய விமானத்துக்கும் இடையில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: இரு தீவுகளுக்கும் இடையே இரவுப் படகு ஓடுகிறது, ஆனால் தினமும் இல்லை, கடல் கொந்தளித்தால் தள்ளிப்போகும். அதை நம்பி விடுதிக்கு முன்பணம் கட்டாதீர்கள். தென்பசார் வழியாக விமானத்தில் போவது சுற்று வழிதான் என்றாலும் நாளை விழுங்காது. சும்பாவை இரண்டாவதாக வைத்து, மேற்கே தம்போலாகாவில் இறங்கி, கிழக்கே வாயிங்காபுவில் நெசவு ஊர்களோடு முடியுங்கள். வாங்கிய துணியைப் பயணம் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்காது.