செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு இன்லைன் சொட்டுநீர்க் குழாய்: வாங்கலாமா?

காரைக்குடிப் பக்கம் கத்தரி, மிளகாய் போடுபவர்கள் 16 மி.மீ. இன்லைன் குழாயை (உள்ளேயே டிரிப்பர், அதாவது சொட்டுவாய், பொருத்தியது) நம்பி வாங்கலாம். 40 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர் போதும்.

இந்தக் குழாயின் வேர் இஸ்ரேல் என்ற நாடு உருவான வரலாற்றில் இருக்கிறது. 1946 அக்டோபரில், பிரிட்டிஷார் ஆண்ட பாலஸ்தீனத்தின் நெகேவ் பாலையில், யூதத் தேசிய இயக்கத்தார் ஒரே இரவில் 11 குடியிருப்புகளை அமைத்தார்கள். எல்லை முடிவாகும் முன்பே நிலத்தில் காலூன்றுவதுதான் நோக்கம். அவற்றில் ஒன்று ஹட்செரிம் கூட்டுப்பண்ணை; மண்ணெல்லாம் உப்பு. அங்கேதான் 1965இல், நீர்ப் பொறியாளர் சிம்கா பிளாஸின் சொட்டுநீர்க் கண்டுபிடிப்பைக் கொண்டு நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கியது. அதே நெகேவில் 1948 போரையொட்டிப் பெடூயின்கள் (அங்கு வாழ்ந்த அரபுப் பழங்குடியினர்) பெரும்பாலோர் நிலமிழந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரிய குறை அடைப்புதான். போர்வெல் தண்ணீரின் உப்பு டிரிப்பர் வாயில் படிந்துவிடும். கரைந்த உப்பை ஃபில்டர் தடுக்காது; மண், தூசியைத் தடுக்க 120 மெஷ் (வடிகட்டும் நுணுக்க அளவு) டிஸ்க் ஃபில்டர் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போகும்வரை தண்ணீர் விடுங்கள். ஊரணித் தண்ணீர் என்றால் பாசி வரும், மணல் ஃபில்டரும் கட்டாயம். ஒரே குழாயை 50 மீட்டருக்கு மேல் இழுத்தால் கடைசிச் செடிகள் வாடும். அணில் கடிக்கும், வெட்டி ஒட்டப் பத்து ஜாயின்டராவது கூடுதலாக வாங்கி வையுங்கள்.