இல்லினாய்ஸ் பள்ளி நிதிக் கணக்கு: ஐந்துக்கு மூன்றரை

வீடு தேடியபோது எங்களுக்கு வாய்த்த ஏஜென்ட், தெருவுக்குத் தெரு "ஸ்கூல் ரேட்டிங் பத்துக்கு ஒன்பது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஒன்பது பெரும்பாலும் பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்துப் போடுவது. பள்ளிக்குப் போதுமான பணம் வருகிறதா என்று அதில் தெரியாது. கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். எனக்கு வரவு செலவு வேண்டும். அதைத் தேடிப்போய்த்தான் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலக் கல்வி வாரியம் வருடாவருடம் வெளியிடும் எக்செல் கோப்பில் விழுந்தேன்.

2017-இல் வந்த சட்டத்தின்படி போடும் கணக்கு இது. ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒழுங்காக நடக்க என்னென்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் போடுகிறார்கள். கே.ஜி. முதல் 3-ஆம் வகுப்பு வரை 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்; வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் என்றால் 15 பேருக்கு ஒருவர். 750 பேருக்கு ஒரு நர்ஸ். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். அந்தந்த வட்டாரத்துச் சம்பள நிலவரத்தையும் சேர்த்துக் கூட்டினால் வருவது இலக்குத் தொகை. உள்ளூர் சொத்து வரியில் இவ்வளவு திரட்டலாம் என்று மதிப்பிட்ட தொகை, மாநிலம் ஏற்கெனவே தரும் தொகை எல்லாம் சேர்ந்து அந்த இலக்கில் எத்தனை சதவீதம் என்பதுதான் கடைசி எண். போன வருடம் கொடுத்ததோடு கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதை விட்டு, தேவையிலிருந்து தொடங்குகிறார்களே, அதற்கே மூன்று நட்சத்திரம் தரலாம்.

இந்தச் சதவீதத்தை வைத்து டிஸ்ட்ரிக்ட்டுகளை நான்கு அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். மாநிலத்திடமிருந்து புதிதாக வரும் பணத்தில் 99 சதவீதம் கீழே இருக்கும் இரண்டு அடுக்குகளுக்கே போகிறது. 100 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குக் கிடைப்பது 0.1 சதவீதம். நியாயம்தான். போன வருடம் வந்த தொகை யாருக்கும் குறையாது என்ற உறுதியும் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை சரிந்துகொண்டே போகும் ஊருக்கும் அதே தொகை போகிறதே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தல். ஆனால் அந்த உறுதி இல்லாவிட்டால் சட்டமே நிறைவேறியிருக்காது.

இனி குறைகள். சதவீதத்தைப் பார்த்ததும் வரிச் சுமை புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு 1 லட்சம் டாலர் வரி மதிப்புள்ள சொத்து இருக்கும் ஊர் 5 சதவீதம் வரி போட்டாலும் 5,000 டாலர்தான் வரும். பெரிய மால், அலுவலகக் கட்டடங்கள் என்று பிள்ளைக்கு 5 லட்சம் டாலர் மதிப்புள்ள ஊருக்கு 2 சதவீதத்திலேயே 10,000 வந்துவிடும். அதிக விகிதத்தில் வரி கட்டும் ஊர் பட்டியலில் கீழே கிடப்பது இப்படித்தான். வரி பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கோப்பைப் படிக்க வேண்டும்.

அப்புறம் அந்த நர்ஸ். மகளுக்கு ஆஸ்துமா. கணக்கில் நர்ஸ் இருக்கிறாரே, பள்ளியில் தினமும் இருப்பாரா என்று ஒரு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு வரி பதில்: அது தொகையைக் கணக்கிட மட்டுமே, ஆள் வைப்பது டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் போர்டின் முடிவு. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. மளிகைப் பட்டியலில் எழுதிய பருப்பு வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அரை நட்சத்திரம் அங்கே போனது.

வேகமும் போதாது. 2027-க்குள் எல்லோரையும் 90 சதவீதத்துக்குக் கொண்டுவருவது என்று வைத்துக்கொண்டார்கள். ஆண்டுக்குப் புதிதாகக் குறைந்தது 30 கோடி டாலர் என்பது திட்டம். கோவிட் வந்ததும் 2021 நிதியாண்டில் இந்த அடுக்குகளுக்குப் புதுப் பணமே இல்லை. அதற்கும் சேர்த்து இன்னொரு நட்சத்திரத்தைக் கழித்துக்கொண்டேன்.

திறந்து பார்க்கப்போகிறவர்களுக்கு: மொபைலில் வேண்டாம், நெடுவரிசைகள் முடியவே முடியாது. உங்கள் டிஸ்ட்ரிக்ட் பெயரைத் தேடிப்பிடித்து முதலில் இலக்குத் தொகை, அப்புறம் சதவீதம், அப்புறம் அடுக்கு என்று பாருங்கள். தொடக்கப்பள்ளிக்கும் உயர்நிலைப்பள்ளிக்கும் தனித்தனி டிஸ்ட்ரிக்ட் இருக்கும் ஊர் என்றால் இரண்டு வரிசைகளையும் பார்க்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒரு வாரம் தப்பான வீட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.