மொட்டை மாடிக்குக் கூலிங் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வேலூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் படுப்பவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. கத்திரி சமயத்தில் 42, 43 டிகிரி என்பது இங்கே பழகிப்போன விஷயம். பகலையாவது எப்படியோ ஓட்டிவிடலாம், ராத்திரிதான் கொடுமை. பத்து மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சுடும். ஃபேன் போட்டால் மேலேயிருந்து அனல்தான் இறங்கும். கீழ்ப் பகுதியை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மாடியில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு 74 வயது. ஏசி காற்றில் அவருக்கு மூட்டு வலி அதிகமாகிறது என்பதால் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுவோம். அப்புறம் விடியும்வரை அவர் புரண்டு புரண்டு படுப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்த நிலைமையில்தான் போன வருடம் பங்குனிக் கடைசியில், வெயிலைத் திருப்பி அனுப்பி மாடியைச் சூடாகாமல் வைக்கும் வெள்ளைப் பூச்சு, அதாவது கூலிங் பெயிண்ட் அடித்துத் தருவதாக ஒரு பையன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், நல்ல பேச்சு. "மேடம், எங்க கோட்டிங் அடிச்சா ரூமுக்குள்ள பத்து டிகிரி குறையும், கேரண்டி. கரண்ட் பில் பாதியாயிடும். ஏழு வருஷ வாரண்டி" என்றான். நான் உடனே நம்பிவிடவில்லை. அதனால்தான் அவன் பெட்டியைத் திறந்து சோதனை காட்டினான்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதே பெட்டியோடு இப்போதும் தெருத் தெருவாகப் போகிறார்கள். இரண்டு சின்னத் தகடுகள், மேலே ஒரு ஹாலோஜன் விளக்கு. ஒரு தகட்டின் மேல் வெள்ளைப் பூச்சு, இன்னொன்றில் பூச்சு இல்லை. விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியைத் தகடுகளின் அடிப்பக்கம் காட்டினான். ஒன்று 61, இன்னொன்று 33. அம்மாகூட வாயைப் பிளந்துவிட்டார்.

பிறகு எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரிடம் சொன்னபோது, "அடிப்பக்கம் எப்படி இருந்தது டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார். நினைவுபடுத்திப் பார்த்தேன். பூசாத தகட்டின் அடியில் கறுப்பு பெயிண்ட் இருந்தது. பூசிய தகட்டின் அடியோ பளபளவென்று வெறும் அலுமினியம். அந்த வகை வெப்பமானி ஒரு பொருள் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் வெப்பத்தைக் கணக்கிடும். பளபளக்கும் உலோகம் அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடுவதால், அது கொதித்துக்கொண்டிருந்தாலும் கருவி குறைத்துத்தான் காட்டும். அடுப்பில் காயும் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் அந்தக் கருவியைக் காட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும் என்றார். வீட்டில் செய்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதற்குள் பணம் போய்விட்டது.

எங்கள் மாடி 900 சதுர அடி. சதுர அடிக்கு 38 ரூபாய் வீதம் 34,200. அதோடு, மின் கட்டணம் குறையும் என்று பிளக்கில் செருகும் சின்னப் பெட்டிகள் இரண்டு, ஒன்று 1,800. மொத்தம் 37,800. முன்பணம் 20,000 என்றான். ஒரு தனி ஆளின் எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, வேலை முடிந்ததும் வாரண்டி கார்டோடு வரும் என்றான். விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். அதில் நிறுவனத்தின் முகவரியோ ஜிஎஸ்டி எண்ணோ கிடையாது. அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

மாடியைக் கழுவி, விரிசலை அடைத்து, பிரைமர் அடித்து, மூன்று கோட், எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை என்பது பேச்சு. நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் நான்கு பேர் வந்தார்கள். கூடவே பிரபலமான ஒரு கம்பெனியின் பெயர் போட்ட 20 லிட்டர் பக்கெட்டுகள் நான்கு. தம்பிக்கு அனுப்புவதற்காக அவற்றை போட்டோ எடுத்தேன். இன்றைக்கு அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்கு மூடிகளிலும் சீல் ஏற்கெனவே உடைந்திருப்பது தெரிகிறது. மதியம் இரண்டு மணிக்கு அம்மா போன் செய்து, வேலை முடிந்துவிட்டதாம், மீதிப் பணம் கேட்கிறார்கள் என்றார். ஒரு கோட் காய்ந்து அடுத்த கோட் அடிக்கவே நான்கைந்து மணி நேர இடைவெளி வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் ஓட்டின் மேல் அடித்தால் பெயிண்ட் பிடிக்கும் முன்பே உலர்ந்துவிடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வந்ததும் அந்தப் பையன் மாடிக்குக் கூட்டிப்போய் அதே கருவியைக் காட்டினான். "முன்னாடி அளந்தப்ப 58 இருந்துச்சு மேடம், இப்ப பாருங்க, 36." முன்பு அளந்தது மதியம் ஒன்றரை மணிக்கு, செக்கச்செவேல் என்றிருந்த தட்டோட்டின் மேல். இப்போது அளந்தது வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணீர் தெளித்து ஈரம் காயாத தரையில். அந்த ஈரத்தைக் கண்ணால் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வெள்ளை வெளேர் என்று மாடியைப் பார்த்த சந்தோஷத்தில் மீதி 17,800 ரூபாயையும் கொடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரியும் அம்மா தூங்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், பூச்சு செட் ஆகும் என்றான். அப்புறம் கத்திரி வந்தது. மே, ஜூன் மாதக் கணக்கெடுப்பில் 655 யூனிட் வந்திருந்தது. முந்தைய வருடம் அதே காலத்தில் 620. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும். எங்களை மாதிரி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பங்களைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிளக் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தோம். ஒரு கெப்பாசிட்டர், ஒரு சின்ன போர்டு, ஒரு பச்சை விளக்கு. வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது யூனிட்டை, அதாவது கிலோவாட் மணியை. கெப்பாசிட்டர் அதைக் குறைக்காது. யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

ஆகஸ்டில் இரண்டு நாள் நல்ல இடி மழை. பூச்சு அப்பளம் மாதிரி உப்பி உரிந்தது. உரிந்த செதில்கள் எல்லாம் போய் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டன. கணுக்கால் அளவுத் தண்ணீர் ஒரு ராத்திரி முழுக்க மாடியில் நின்று, அம்மாவின் அறைக் கூரையில் கசிந்துவிட்டது. வெப்பத்தைக் குறைக்கக் கொடுத்த பணத்தில் கசிவை வாங்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த எண்ணுக்குப் போன் செய்தால் சுவிட்ச் ஆஃப்.

எங்கள் தெருவில் 30 வருடமாகக் கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டேன். தரையை உள்ளங்கையால் தேய்த்தார். கை வெள்ளையானது. "ஏம்மா, இது வெள்ளை சிமெண்டும் தண்ணி கலந்த பெயிண்டும்மா. கூலிங் பெயிண்டு இப்படிக் கையோட வராது. தூசியைக்கூடப் பெருக்காம அடிச்சிருக்கானுங்க" என்றார். அந்தக் கம்பெனியின் உண்மையான பக்கெட்டைக் கடையில் போய்ப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடி என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. எங்கள் மாடிக்கு நாற்பது லிட்டராவது வேண்டும். அதன் கடை விலையோடு கூலியையும் கூட்டிப் பார்த்தால், அவன் சொன்ன விலையில் மூன்று கோட் அடிப்பது நடக்கிற காரியமே இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூரையை வெள்ளையாக்கினால் வெப்பம் குறையும் என்பது உண்மை. ஆமதாபாத்தில் 2017இல் எளிய மக்களின் வீட்டுக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, அந்தச் சூட்டை ராத்திரியெல்லாம் உள்ளே இறக்குகிறது. வெயிலை மேலேயே திருப்பி அனுப்பிவிட்டால் உள்ளே இறங்குவதும் குறையும்தானே. என் தாத்தா வீட்டில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட தளம் இருந்தது. மேலே தட்டோடு. அந்த வீட்டில் மே மாதத்திலும் மதியத் தூக்கம் வந்தது. எங்கள் மாடியிலும் அதே முறைத் தளம் கொஞ்சம் மெல்லியதாக இருக்கிறது. அந்தப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேஸ்ட் மேடம்" என்றான். அந்தத் தளம் இல்லாவிட்டால் கசிவு இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்கிறார் மேஸ்திரி.

ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், தளத்தின் மேல்பரப்பில் குறையும் வெப்பத்தை அறைக்குள் குறையும் வெப்பமாகச் சொல்லி விற்கிறார்களே, அங்கேதான். நல்ல பூச்சு புதிதாக இருக்கும்போது மேல்பரப்பு 15 டிகிரிகூடக் குறையலாம். அறைக்குள் குறைவது பெரும்பாலும் இரண்டு, மூன்று டிகிரி. ஏனென்றால் சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் சூடு வந்துகொண்டுதான் இருக்கும். அறைக்குள் பத்து டிகிரி என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். எஸ்.ஆர்.ஐ. என்று ஓர் அளவு இருக்கிறது, வெயிலைத் திருப்பும் திறனைக் காட்டுவது. கறுப்புக்கு 0, நல்ல வெள்ளைக்கு 100 என்பது அதன் கணக்கு. ஆய்வகச் சான்றிதழோடு அந்த எண்ணைக் கேளுங்கள். உண்மையான விற்பனையாளர் உடனே எடுத்துக் காட்டுவார். என்னிடம் வந்தவனுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பெயிண்டை நீங்களே கடையில் பில்லோடு வாங்குங்கள், அடிக்கிறவருக்குக் கூலி மட்டும் கொடுங்கள். சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். அளப்பதாக இருந்தால் அறைக்குள், கூரையின் அடிப்பக்கம், ராத்திரி ஒன்பது மணிக்கு, பூசுவதற்கு முன்பும் பின்பும், ஒரே மாதிரி வெயில் அடித்த நாட்களில் நீங்களே அளங்கள். கடைசிப் பங்குப் பணத்தை ஒரு மழை பார்க்கும்வரை நிறுத்தி வைக்க ஒத்துக்கொள்பவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

எங்களுக்குக் கையில் பணம் மிச்சமில்லை. மேஸ்திரி அந்த வெள்ளையை இரும்பு பிரஷ் போட்டுச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்துக் கொடுத்தார். பொருளும் கூலியும் சேர்த்து 6,500 ரூபாய். மழையில் கரையும், ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் திரும்ப அடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுப்பதுதான் முக்கியம், உள்ளே திரை போட்டால் பாதிச் சூடு ஏற்கெனவே வந்திருக்கும். இந்த வருடக் கத்திரியில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் 35 காட்டியது. போன வருடம் அதே நேரத்துக்கு 39. அறைக்குள் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஆனால் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு மேலாவது தூங்குகிறார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை, பாதிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பில் இல்லாததால் என்னிடம் இருப்பது யுபிஐ ரசீதும், வாட்ஸ்அப் விலைப்பட்டியலும், சீல் உடைந்த பக்கெட்டுகளின் போட்டோவும்தான். போன மாதம் காட்பாடியில் ஒரு வீட்டு வாசலில் அதே தகட்டுப் பெட்டியோடு இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தேன். அட்டையில் வேறு பெயர் இருந்தது. நான் நெருங்கிப் போய்ப் பேச்சுக் கொடுத்ததும் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சத்துவாச்சாரி, காட்பாடி, காந்தி நகர் பக்கம் இதே முறையில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், பணம் அனுப்பிய ரசீதை அழித்துவிடாதீர்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் தயாராக இருக்கிறேன்.