ஏஜென்சி ஆளா, பராமரிப்பு இல்லமா, ஊர் அக்காவா?

கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே தோட்டத்து வீடு எங்களுடையது. அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருபது வருடமாக உண்டு. அது சிறுநீரகத்தில் கை வைத்தது. போதாததற்குப் பக்கவாதமும் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது மூன்று வழிகள் இருந்தன: ஏஜென்சி மூலம் 24 மணி நேர ஆள், கோவையில் ஒரு பராமரிப்பு இல்லம், இல்லாவிட்டால் உள்ளூர் அக்கா ஒருவரை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை நர்ஸை வரவழைப்பது. முதலாவதில் ஆரம்பித்து மூன்றாவதற்கு வந்து சேர்ந்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

செலவில் எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்குப்படி இல்லம்தான் அதிகம், ஊர் அக்கா வழி குறைவு. குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் சோறு ஊட்டுவதும் எதிலும் நடக்கும். ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: ஹோம் நர்ஸ் என்று வருகிறவர் எல்லோரும் நர்ஸ் அல்ல. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். எங்களுக்கு வந்த மூவரும் இரண்டும் படிக்காதவர்கள்.

மூவர் என்றேனே, அதுதான் விஷயம். இரண்டு மாதத்தில் மூன்று பேர். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தோட்டத்து வீடு ஒத்துவருவதில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது, கடைக்குப் போகவே மூன்று கிலோமீட்டர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொருவர் போகும்போதும் அப்பாவைப் பற்றித் தெரிந்த அத்தனையும் பெட்டியோடு சேர்ந்து போய்விடும்.

ஒரே நோய் என்றால் இதைச் சமாளிக்கலாம். நான்கு நோய் ஒரே உடம்பில் இருந்தால் ஒன்று இன்னொன்றை இழுக்கும். மூன்றாவதாக வந்தவர் முதல் நாள் ராத்திரி, சீட்டில் எழுதியிருந்த அளவுக்கு இன்சுலின் போட்டார். அப்பா அன்றைக்கு அரை இட்லியோடு போதும் என்றிருந்தார். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் உடம்பிலிருந்து சீக்கிரம் கழியாது. விடிகாலை மூன்று மணிக்கு வேர்த்துக் கொட்டி, சர்க்கரை 52. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. நினைவு இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து மீட்டோம். சீட்டில் தப்பில்லை. சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்பதுதான் அதில் இல்லை.

அப்புறம்தான் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்தார். எட்டாவது வரை படித்தவர். ஊசி அவர் வேலை இல்லை, அதை நானோ தம்பியோ போடுவோம். நர்ஸ் கோபியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று இடுப்பையும் குதிகாலையும் பார்ப்பார், ரத்தம் எடுப்பார், நோட்டைப் படிப்பார். நோட்டு என்பது நாற்பது ரூபாய் நீள நோட்டு: காலை எடை, குடித்த தண்ணீர், போன சிறுநீர், சாப்பிட்டது, சர்க்கரை, ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்த நேரம்.

ஒருநாள் அக்கா சொன்னார்: "ஏனுங்க, நேத்தைக்கு இல்லாத வீக்கம் இன்னைக்குக் கால்ல தெரியுதுங்க." நோட்டில் பார்த்தால் இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. நர்ஸ் வந்து பார்த்து டாக்டரிடம் பேசினார். நீர் மாத்திரை மாறியது, ஆஸ்பத்திரிப் படுக்கை மிச்சம். நேற்றும் அதே கால்களைப் பார்த்த கண் அது. புதிதாக வந்தவர் எப்படிக் கண்டிருப்பார்?

இளநீர்ச் சண்டையிலும் ஜெயித்தது அக்காதான். பார்க்க வரும் சொந்தம் பந்தமெல்லாம் குலையோடு வரும். பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்துக்கு ஆகாது என்று நான் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அக்கா வாசலிலேயே வாங்கி மாட்டுக் கொட்டகைப் பக்கம் வைத்துவிடுவார்.

பராமரிப்பு இல்லத்தைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. இரண்டு இடம் போய்ப் பார்த்தோம், அவ்வளவுதான். ராத்திரியும் படித்த நர்ஸ் இருந்தார்கள், அது பெரிய விஷயம். தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்தவர், நாள் முழுக்க ஆக்ஸிஜனில் இருப்பவர், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். எங்கள் ஏற்பாடு, வீட்டில் இன்னும் இரண்டு பேராவது இருந்தால்தான் ஓடும்.

எதை எடுத்தாலும், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு.

எங்கள் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது: அக்கா லீவு போட்டால் மாற்று ஆள் இல்லை. பங்குனியில் பண்ணாரி அம்மன் கோவில் குண்டத்துக்கு, அதாவது தீமிதித் திருவிழாவுக்கு, மூன்று நாள் போனார். தம்பியும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். திரும்பி வந்தவர் பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு முதலில் நோட்டைத்தான் எடுத்தார். "ஏனுங்க, செவ்வாக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் திருப்பவே இல்லையாட்ட இருக்குது?"

தம்பி முறைதான் அது.