ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ், வேலூர்: அஞ்சுக்கு ஒண்ணரை ஸ்டார், அந்த அரை ஸ்டாரும் வெந்நீருக்காக

லாட்ஜ் பேரு போடல. கடைசியில ஓனர் கொஞ்சம் இறங்கி வந்து பேசினார், அந்த மரியாதைக்காக விட்டுட்டேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போற தூரத்துல சந்து சந்தா லாட்ஜ் இருக்குல்ல, தமிழ் போர்டுக்குப் பக்கத்துல பெங்காலி போர்டும் தொங்குமே, அதுல ஒண்ணுன்னு வெச்சுக்குங்க.

எங்களுக்கு ஆரணி. பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரம்தான், ஆனா எங்க அத்தைக்கு மூணு நாள் தொடர்ச்சியா டெஸ்ட், காலைல வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும், முட்டி வலியோட தினம் போய்ட்டு வர்றது ஆகாதுன்னு மூணு நாளைக்கு ரூம் போட்டோம். நாள் வாடகை 700, மொத்தம் 2100 மொத நாளே கட்டியாச்சு. நல்லதையும் சொல்லிடறேன். லிஃப்ட் இருக்கு, காலைல அஞ்சு மணிக்கே வெந்நீர் வருது, மாடியில அடுப்பு குடுத்து சமைச்சுக்கச் சொல்றாங்க, கீழ பாய் கடை டீ அருமை. பெட்ஷீட் கூட வெள்ளை வெளேர்னு சலவை வாசனையோட இருந்துச்சு, அதைப் பாத்துதான் ஏமாந்தேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அத்தை எழுந்து உக்காந்து கையைச் சொறிஞ்சுகிட்டே "இன்னாடி இது, கொசுவா?"ங்கறாங்க. செல்லு டார்ச் அடிச்சுப் பாத்தா முழங்கைக்குக் கீழ மூணு தடிப்பு, ஒரே வரிசையில, கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. கொசு இப்படி வரிசையா கடிக்காது. தலகாணியைத் தூக்குனேன், ஒண்ணும் இல்ல. மெத்தை ஓரத்துல தையல் போட்டிருக்கும் பாருங்க, அந்த மடிப்பை விரல்ல பிரிச்சேன், பேனா இங்க் கொட்டுன மாதிரி கருப்புப் புள்ளி புள்ளியா நீளத்துக்கும் போகுது, அதுக்கு நடுவுல ஆப்பிள் விதை சைஸ்ல ஒண்ணு, தொட்டதும் ஓடுது. இன்னும் கொஞ்சம் பிரிச்சா சின்னது, அதைவிடச் சின்னது, உரிச்சுப் போட்ட தோலு, ரவை மாதிரி வெள்ளையா முட்டை. மூட்டைப்பூச்சி ஒரு குடும்பமே இல்ல, ஒரு ஊரு. ஒண்ணை நசுக்குனேன், அந்த நாத்தம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

வராண்டாவுல போய் நின்னா பக்கத்து ரூம் பெங்காலி பெரியவர் அங்கேயே பாய் போட்டுப் படுத்திருக்கார். நான் கையைக் காட்டினேன், அவர் சிரிச்சுகிட்டே "சார்போக்கா, சார்போக்கா"ன்னார். அவங்க பாஷையில மூட்டைப்பூச்சிக்கு அதான் பேராம். பாவம், பொண்டாட்டிக்கு ஆபரேஷன், மூணு வாரமா அங்கதான் இருக்கார், சண்டை போட பாஷையும் இல்ல தெம்பும் இல்ல. இந்த மாதிரி ஆளுங்களை நம்பித்தான் இந்தத் தெருவுல நிறைய பேரு பொழைக்கறாங்கன்னு அப்ப தோணுச்சு.

காலைல ரிசப்ஷன்ல மேனேஜர் தம்பி சொன்னதை அப்படியே எழுதறேன். "நீங்கதாம்மா பையில கொண்டாந்திருப்பீங்க, எங்க லாட்ஜ்ல அதெல்லாம் கெடையாது." அப்புறம் என் வீட்டுக்காரரைக் காட்டி "சாரும் அதே ரூம்லதானே படுத்தார், அவருக்கு ஒண்ணும் இல்லையே?" இவர் வேற பக்கத்துல நின்னுகிட்டு "ஆமா எனக்கு ஒண்ணும் தெரியல"ன்னு தலையாட்டறார், அடிக்கலாம் போல இருந்துச்சு. சில பேருக்குக் கடிச்சாலும் தடிப்பே வராது, சிலருக்கு நாலு நாள் கழிச்சுத்தான் வரும், அதனால அவருக்கு இல்லைங்கறது ஒரு சாட்சியே இல்ல.

"நீங்க கொண்டாந்தது"ங்கறதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இருந்துச்சு, அது அந்த மெத்தை மடிப்புலயே இருந்துச்சு. மூட்டைப்பூச்சி முட்டை பொரிக்கவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அப்புறம் குஞ்சு அஞ்சு தடவை தோலு உரிக்கணும், ஒவ்வொரு தடவைக்கும் முன்னாடி ரத்தம் குடிக்கணும், பெருசாக ஒரு மாசத்துக்கு மேலயும் ஆகும். முட்டை, குஞ்சு, பெருசு, உரிச்ச தோலு எல்லாம் ஒரே மடிப்புல இருக்குன்னா அது நேத்து சாயங்காலம் ஆரணி பஸ்ல வந்து இறங்கினது இல்ல, பல வாரமா அங்க குடியிருக்கு. இதைச் சொன்னதும் தம்பி மேல மாட்டியிருந்த போர்டைக் காட்டிட்டார்: "ஒருமுறை செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது."

அந்த போர்டைப் பாத்துப் பயந்துடாதீங்க, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2020 ஜூலைல நடைமுறைக்கு வந்துச்சு. காசு வாங்கிட்டு ரூம் குடுக்கறது சேவை, அது சரியில்லைன்னா சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்கு வாங்கின காசை பில்லுல போட்ட காலத்துக்குள்ள, அப்படி எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பித் தராம மறுக்கறதே "நியாயமற்ற வணிக நடைமுறை"ன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. பில்லு குடுக்காம இருக்கறதும் அதே லிஸ்ட்லதான் வருது. எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுல ரூம் நம்பர் எழுதி சீல் குத்திக் குடுத்தாங்க, நான் தேதி, தொகை, லாட்ஜ் பேரு போட்ட பில்லு குடுங்கன்னு நின்ன இடத்துல நின்னேன், முணுமுணுத்துகிட்டே குடுத்தார். அந்தப் பில்லு இல்லைன்னா மத்ததெல்லாம் வெறும் பேச்சு.

அந்த ராத்திரியே பண்ணி வெச்ச வேலையும் கை குடுத்துச்சு. மெத்தை மடிப்பை ரூம் நம்பர் தெரியற மாதிரி வாசல்ல இருந்து ஆரம்பிச்சு வெட்டு இல்லாம ஒரே வீடியோவா எடுத்தேன். மூணு பூச்சியையும் ரெண்டு தோலையும் செலோ டேப்ல ஒட்டி வெள்ளைப் பேப்பர்ல வெச்சு தேதி, மணி, ரூம் நம்பர் எழுதினேன். அத்தை கையைப் போட்டோ எடுத்தேன். காலைல டாக்டரைப் பாக்கும்போது அந்தத் தடிப்பையும் காட்டி சீட்டுல எழுதச் சொன்னேன், அவர் "பூச்சிக்கடி"ன்னு போட்டு அரிப்புக்கு மாத்திரை குடுத்தார். மூட்டைப்பூச்சியால நோய் பரவறதா இதுவரைக்கும் நிரூபணம் இல்ல, அதனால ஊரே அலற வேண்டாம், ஆனா தூக்கமும் மானமும் போகுது. வாயால சொன்னதோட நிறுத்தாம மேனேஜர் நம்பருக்கு வாட்ஸப்ல "இந்த ரூம்ல மூட்டைப்பூச்சி, வேற ரூம் இல்லன்னா மீதிப் பணம் குடுங்க"ன்னு அனுப்பினேன். நீலக் குறி விழுந்துச்சு, பதில் வரல. அதுவும் சாட்சிதான்.

வேற ரூம் குடுத்தாங்க, அடுத்த ரூமே. வேணாம்னுட்டேன். செவுத்து வெடிப்பு, ப்ளக் பாயின்ட்டு வழியா இது பக்கத்து ரூமுக்குப் போயிடும். மாறறதா இருந்தா மாடி மாறணும்.

காலி பண்ணிட்டு ஊருக்கு வந்து ஒரு லெட்டர் எழுதி ஓனர் பேருக்கு ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சி வர்ற மாதிரி அனுப்பினேன். ரூம் காசு 2100, எங்க வீட்டுல மருந்தடிச்ச செலவு 1800 (அந்தக் கதை அப்புறம் சொல்றேன்), 15 நாளுக்குள்ள வரலைன்னா நுகர்வோர் ஆணையம், அதாவது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்னு எழுதினேன். வக்கீல் நோட்டீஸ் இல்ல, கோடு போட்ட பேப்பர்தான். வக்கீல் வெச்சே ஆகணும்னு சட்டத்துல இல்ல, நாமளே போய் நிக்கலாம். நிறைய பேருக்குத் தெரியாத இன்னொண்ணு, கேஸை லாட்ஜ் இருக்கற வேலூர்லதான் போடணும்னு இல்ல, நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், எங்களுக்கு அது திருவண்ணாமலை. அந்த பெங்காலி பெரியவர் கூட ஊருக்குப் போய் அவர் மாவட்டத்துல போடலாம். அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் குடுத்த சேவைக்குப் புகார் கட்டணம் ஒத்தப் பைசா கெடையாது. ரெண்டு வருஷம் டைம் இருக்கு. அதுக்கு முன்னாடி 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிஞ்சா அவங்களே எதிர்தரப்புக்கு அனுப்பிக் கேப்பாங்க, ஆனா அவங்க தீர்ப்பு சொல்ற இடம் இல்ல, அது ஆணையத்தோட வேலை. ஆப்ல புக் பண்ணினவங்கன்னா அந்த ஆப் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் வந்து சேந்துச்சுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல முடிக்கணும்னு விதி.

லட்சக்கணக்குல நஷ்டஈடு கெடைக்கும்னு கனவு காணாதீங்க. ஒரு ராத்திரி கடிக்கு ரூம் காசு, கையை விட்டுப் போன செலவு, மேல கொஞ்சம் மன உளைச்சலுக்குன்னு கேக்கறதுதான் நியாயமாவும் இருக்கும், நிக்கவும் நிக்கும்.

இப்ப மருந்தடிச்ச கதை. என் பையில ரெண்டு மூணு ஏறி வந்துட்டுச்சு, பத்து நாள்ல எங்க வாடகை வீட்டுக் கட்டில்லயும் புள்ளி. கீழ் வீட்டுல ஹவுஸ் ஓனர் அக்கா, "யார் வீட்டுச் செலவு இது?"ன்னு கேட்டாங்க. சத்தியமா என் செலவுதான், நான்தான் கொண்டாந்தேன், அதுல வாதாட ஒண்ணும் இல்ல. ஆனா என் நாத்தனார் பொண்ணு காட்பாடியில வாடகைக்குப் போனப்போ கதை தலைகீழ். ஓனர் குடுத்த கட்டில்லயே பூச்சி, முன்னாடி குடியிருந்தவங்க அதனாலதான் ஓடியிருக்காங்க, ஓனருக்கும் தெரியும், சொல்லல. 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டம் 108வது பிரிவுல, வாடகைக்கு விடறவருக்குத் தெரிஞ்சு, வர்றவர் சாதாரணமா பாத்தா கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை மறைக்காம சொல்லியே ஆகணும்னு இருக்கு. அதை வெச்சுப் பேசித்தான் மருந்துச் செலவை ஓனர் தலையில கட்டினா.

வெறும் வீட்டு வாடகைத் தகராறு நுகர்வோர் ஆணையத்துல பெரும்பாலும் நிக்காது, அது வேற வழி. தமிழ்நாட்டுல 2017ல போட்டு 2019 பிப்ரவரில இருந்து நடக்கற வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் சட்டம் இருக்கு, அதுக்கு வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம்னு தனி ஏற்பாடு. அதுல எந்த ரிப்பேர் யாருதுன்னு பட்டியலே இருக்கு, வெள்ளையடிக்கறது, பைப்பு, ஒயரிங் ஓனருக்கு, டேப் வாஷர், சாக்கடை அடைப்பு குடியிருக்கறவருக்கு. மூட்டைப்பூச்சின்னு ஒரு வார்த்தை கெடையாது! அதனால ஒப்பந்தம் எழுதும்போதே "குடிவரும்போது இருக்கற பூச்சிக்கு ஓனர் செலவு"ன்னு ஒரு வரி சேத்துக்கறது நல்லது, ஒப்பந்தத்தைப் பதிவும் பண்ணிடுங்க. கோவத்துல வாடகையை மட்டும் நிறுத்தாதீங்க, ரெண்டு மாசம் பாக்கின்னா அதையே காரணமா வெச்சு உங்களைக் காலி பண்ணச் சொல்லலாம். சாப்பாடு, க்ளீனிங்னு சேத்துக் காசு வாங்கற ஹாஸ்டல், பிஜி எல்லாம் சேவைங்கற கணக்குல வரும், அதுக்கு மேல சொன்ன நுகர்வோர் வழிதான்.

மருந்தடிக்க வந்த பையனுக்கு மட்டும் அஞ்சுக்கு நாலு குடுப்பேன். மொத தடவையே "அக்கா, முட்டை இதுல சாகாது, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வருவேன், அதுக்கும் சேத்துதான் 1800"ன்னு உண்மையைச் சொன்னான், சொன்ன மாதிரி வந்தான். துணியெல்லாம் கொதிக்கற தண்ணியில போட்டேன். பட்டுப்புடவையை என்ன பண்றது, ஆரணிக்காரி வீட்டுல அதுதானே சொத்து? கவர்ல போட்டு இறுக்கி ஒட்டி, எங்க அண்ணன் ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர்ல நாலு நாள் வெச்சேன், மைனஸ் 18 டிகிரியில பூச்சி தாங்காது. அண்ணி இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கறாங்க, குல்ஃபிக்குப் பக்கத்துல கல்யாணப் புடவைன்னு. யாராச்சும் அரிசி மூட்டைக்கு வெக்கற மாத்திரையை ரூம்ல வெச்சா போயிடும்னு சொன்னா கேக்காதீங்க, அதுல இருந்து வர்ற விஷவாயு ஆளையே கொன்னுடும்.

லெட்டர் போன பன்னெண்டாவது நாள் ஓனரே போன் பண்ணார். "பையன் பேசினது தப்பும்மா, எனக்குச் சொல்லவே இல்ல"ன்னார். ரூம் காசு 2100 ஜிபேல வந்துச்சு. மருந்துக் காசு பத்திக் கேட்டா "அதுக்கு நான் எப்படிம்மா பொறுப்பு"ன்னு இழுத்தார். அந்த 1800 ஆணையத்துக்குப் போகுமா போகாதான்னு இன்னும் முடிவு பண்ணல, செலோ டேப் பேப்பர் அத்தையோட ரிப்போர்ட் ஃபைல்லயே இருக்கு, ரெண்டு வருஷம் ஆக இன்னும் நிறைய நாள் இருக்கு.

போன மாசம் மறுபடி ரிவ்யூவுக்குப் போனோம், வேற லாட்ஜ். பையை பாத்ரூம் டைல்ஸ் மேல வெச்சுட்டு நான் மொத வேலையா மெத்தையைத் தூக்கி, தையலைப் பிரிச்சு, கட்டில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுகிட்டிருந்தேன். தண்ணி பாட்டில் கொண்டாந்த ரூம் பையன் வாசல்லயே நின்னு "இன்னாக்கா தேடறீங்க?"ன்னான்.

"அவ ஒண்ணும் தொலைக்கல கண்ணு, எங்க சொந்தக்காரங்க யாராச்சும் வந்து தங்கிகீறாங்களான்னு பாக்கறா"ன்னாங்க அத்தை.